எழுதப்படக் கூடாத பக்கம்

1943 அக்டோபர் 4ஆம் தேதி, ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த போலந்தின் போஸ்னான் நகரில், நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். படையின் தலைவர் ஹைன்ரிக் ஹிம்லர் தம் மூத்த அதிகாரிகளுக்கு ஒரு நீண்ட உரை ஆற்றினார். போர்க்களச் செய்திகளும் படை நிர்வாகமுமாகப் போய்க்கொண்டிருந்த பேச்சின் நடுவே, யூத மக்களை அழித்தொழிப்பதைப் பற்றிச் சில நிமிடங்கள் ஒளிவுமறைவின்றிப் பேசினார். நமக்குள் ஒருமுறை இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வெளியே ஒருபோதும் பேசமாட்டோம் என்று பீடிகை போட்டுவிட்டு, இது நம் வரலாற்றில் ஒருபோதும் எழுதப்படாத, ஒருபோதும் எழுதப்படக் கூடாத புகழ்ப் பக்கம் என்றார். அந்த உரையின் தட்டச்சுப் பிரதியும் ஒலிப்பதிவும் போருக்குப் பின் நேச நாடுகளின் கையில் சிக்கின என்பது வேறு கதை.

ஒரு மக்களைக் கொல்வது, கொன்றதற்கான தடத்தையும் சேர்த்துக் கொல்வது என்ற இரண்டு நோக்கங்கள் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றன. யூத இனப்படுகொலையை ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், 'மீண்டும் நடக்காமல் இருப்பதற்காக' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. கம்போடியா, ருவாண்டா, போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலைகள் 1945க்குப் பிறகுதான் நடந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பதில் தனியாக நிற்கும் வலுவுள்ளதாகத் தெரியவில்லை. அதைவிட உறுதியான காரணம் அந்தக் குற்றத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. காலப்போக்கில் தானாக வரும் மறதியைக் கொலையாளிகள் நம்பியிருக்கவில்லை. அதைத் திட்டமிட்டு உருவாக்க ஆளும் எரிபொருளும் ஒதுக்கினார்கள். அதனால் நினைவைக் காக்கும் வேலையும் போர் முடிந்தபின் தொடங்கவில்லை. கொலை நடந்துகொண்டிருந்தபோதே, கொல்லப்படவிருந்தவர்களின் கையால் அது தொடங்கியது.

முதலில் மறைப்பின் அளவைப் பார்க்க வேண்டும். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினை ஒட்டிய வான்சே ஏரிக்கரை மாளிகையில் 15 உயர் அதிகாரிகள் கூடினார்கள். அவர்களில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டில் ஐரோப்பிய யூதர்கள் நாடுவாரியாகக் கணக்கிடப்பட்டு, மொத்தம் 1 கோடியே 10 லட்சம் என்று கூட்டல் போடப்பட்டிருக்கிறது. ஆனால் 'கொலை' என்ற சொல்லை அதில் தேடினால் கிடைக்காது. கிழக்கே 'அப்புறப்படுத்துதல்' என்றும், உழைப்பின்போது 'இயற்கையாகக் குறைந்துபோதல்' என்றும், மிஞ்சுவோர் 'தக்கபடி நடத்தப்படுவர்' என்றும் அலுவலக மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. எடுக்கப்பட்ட 30 படிகளில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் 1947இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

காகிதத்தை மறைப்பதைவிட உடல்களை மறைப்பது கடினமாக இருந்தது. பவுல் புளோபெல் என்ற எஸ்.எஸ். அதிகாரியின் பொறுப்பில், '1005' என்ற எண்ணைக் குறிப்புச் சொல்லாகக் கொண்டு 1942 முதல் 1944 வரை ஒரு தனி நடவடிக்கை நடந்தது. கைதிகளைக் கொண்டே பெருங்குழிகளைத் தோண்டி, உடல்களை எடுத்து எரித்து, எலும்புகளை நொறுக்கி, சாம்பலைக் கலைத்துவிட்டு, கடைசியில் அந்தக் கைதிகளையும் கொன்றுவிடுவது அதன் முறை. கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதாக ஜெர்மானியரின் சொந்த அறிக்கையே கணக்குக் காட்டுகிறது; 1943இல் செஞ்சேனை நெருங்கி வந்தபோது அந்தப் பள்ளத்தாக்கும் தோண்டப்பட்டு எரிக்கப்பட்டது. 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட ட்ரெப்ளிங்கா முகாம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, நிலம் உழப்பட்டு, அங்கே ஒரு பண்ணை வீடு கட்டப்பட்டது. யாரேனும் வந்து கேட்டால், இங்கே எப்போதும் விவசாயம்தான் நடந்தது என்று சொல்வதற்கான ஏற்பாடு அது. ஆஷ்விட்ஸ்-பிர்கெனவ் முகாமில் நச்சுவாயு அறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

ஏறத்தாழ 60 லட்சம் பேர் என்ற எண்ணைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். போலந்தில் போருக்கு முன் இருந்த 33 லட்சம் யூதர்களில் பத்தில் ஒருவர்தான் எஞ்சினார். இத்தனை பேரும் முகாம்களில் மட்டும் இறக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நச்சுவாயு அறையின் படிமம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதால், உக்ரைன், பெலாரஸ், லிதுவேனியா ஊர்களின் எல்லையில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்கச் சுட்டுக் கொல்லப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் அந்தப் படிமத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

இந்த மறைப்புக்கு எதிரான வேலையை வார்சாவிலிருந்து சொல்லத் தொடங்குவதே பொருத்தம். 1940 நவம்பரில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களைச் சுவருக்குள் வைத்து அடைத்த வார்சா கெட்டோவில், இமானுவேல் ரிங்கல்ப்ளம் என்ற வரலாற்றாசிரியர் ஓர் இரகசியக் குழுவை உருவாக்கினார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியதால் அதற்கு 'ஓய்னெக் ஷாபெஸ்', அதாவது 'ஓய்வுநாளின் மகிழ்ச்சி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பொருளியலாளர்கள், மதகுருமார் என ஏறத்தாழ 60 பேர் அதில் பங்காற்றினார்கள். தலைவர்களின் கடிதங்களும் அரசாணைகளும் மட்டுமே வரலாறு என்று ரிங்கல்ப்ளம் கருதவில்லை. பங்கீட்டு அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய தாள், சுவரொட்டி, பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை, இரகசியச் செய்தித்தாள், பசியைப் பற்றிய மருத்துவக் குறிப்பு என எல்லாவற்றையும் சேர்த்தார்கள். தங்கள் சொந்த மக்களுக்குச் சங்கடம் தரக்கூடியவற்றையும், யூதக் காவலர்களின் ஊழல் உட்பட, விடாமல் பதிவு செய்தார்கள். புகழ்பாட வந்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள். என்றோ ஒருநாள் இது விசாரணைக்கு வரும் என்று நம்பியவர்களே செய்வார்கள்.

செல்ம்னோ முகாமில் நச்சுவாயு வண்டிகளில் மக்கள் கொல்லப்படுவதைக் கண்டு தப்பி வந்த ஒருவரின் வாக்குமூலம் 1942 தொடக்கத்தில் இந்தக் குழுவின் கைக்கு வந்தது. அதை எழுதி, போலந்து தலைமறைவு இயக்கத்தின் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஜூனில் பிபிசி வானொலி போலந்து யூதர்களின் படுகொலையைப் பற்றிச் செய்தி வெளியிட்டபோது, தங்கள் கடமையை நிறைவேற்றிவிட்டதாக ரிங்கல்ப்ளம் குறித்து வைத்தார். செய்தி போனது, உதவி வரவில்லை. 1942 ஜூலை 22இல் தொடங்கி இரண்டே மாதங்களில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

அந்த நாட்களில்தான், ஆகஸ்ட் தொடக்கத்தில், நொவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில், இஸ்ரேல் லிஹ்டென்ஷ்டைன் என்ற ஆசிரியரும் அவருடைய பழைய மாணவர்கள் இருவரும் ஆவணங்களைப் பத்து உலோகப் பெட்டிகளில் அடைத்துப் புதைத்தார்கள். மாணவர்களில் ஒருவரான டேவிட் கிராபருக்கு வயது 19. உலகத்தை நோக்கி எங்களால் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்தோம் என்று அவர் கடைசியாக எழுதி அதையும் பெட்டிக்குள் வைத்தார். 1943 பிப்ரவரியில் இன்னொரு பகுதி இரண்டு பால் கேன்களுக்குள் போயிற்று. ரிங்கல்ப்ளம் தப்பி ஒளிந்திருந்த நிலவறை 1944 மார்ச்சில் காட்டிக்கொடுக்கப்பட்டது. அவரும் மனைவியும் மகனும், அடைக்கலம் கொடுத்த போலந்துக்காரர்களும் கொல்லப்பட்டார்கள்.

குழுவில் உயிரோடு எஞ்சியவர்கள் மூவர்: ஹெர்ஷ் வாஸர், அவர் மனைவி ப்ளூமா, கெட்டோவில் ஏழைகளுக்கான கஞ்சிச் சமையற்கூடம் நடத்திய எழுத்தாளர் ரஹேல் ஆவர்பாக். இடிபாட்டு மேடாகிவிட்ட வார்சாவில் எந்த இடத்தைத் தோண்டுவது என்று தெரிந்தவர் வாஸர் ஒருவரே. 1946 செப்டம்பரில் பத்துப் பெட்டிகளும், 1950 டிசம்பரில் பால் கேன்களும் வெளிவந்தன. 1943 ஏப்ரலில் கெட்டோ யூதர்கள் நடத்திய எழுச்சிக்குச் சற்று முன்பு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. ஏறத்தாழ 35,000 பக்கங்கள் கொண்ட அந்த ஆவணக் காப்பகத்தை யுனெஸ்கோ 1999இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆஷ்விட்ஸில் பிணம் எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளும் இதையே செய்தார்கள்: எழுதிய தாள்களைச் சாம்பல் மண்ணில் புதைத்தார்கள், 1944இல் ஆபத்துக்கிடையே எடுத்த நான்கு புகைப்படங்களைப் பற்பசைக் குழாய்க்குள் வைத்து வெளியே கடத்தினார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்களில் இதன் பொருளை உடனே புரிந்துகொண்டவர் அமெரிக்கத் தளபதி ஐசனோவர். 1945 ஏப்ரலில் ஓர்ட்ரூஃப் முகாமைப் பார்த்தபின், இவையெல்லாம் வெறும் பிரசாரம் என்று பிற்காலத்தில் யாரேனும் சொன்னால் நேரில் கண்ட சாட்சியாக நிற்பதற்காகவே வேண்டுமென்று அங்கே போனதாக மேலிடத்துக்கு எழுதினார், எம்.பி.க்களையும் பத்திரிகையாளர்களையும் வரவழைத்துக் காட்டினார்.

போர் முடிந்ததும் உலகம் இதைப் பேசத் தொடங்கிவிட்டது என்று நினைத்தால் தவறு. மறைப்பதற்கு வேறு காரணங்களும் வேறு ஆட்களும் வந்தார்கள். சோவியத் ஒன்றியம் பாபி யாரில் படுகொலை நடந்ததை மறுக்கவில்லை. அங்கே கொல்லப்பட்டவர்களை 'அமைதியான சோவியத் குடிமக்கள்' என்று பொதுப்பெயரில் கரைத்துவிட்டது. 1976இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்திலும் யூதர் என்ற சொல் இல்லை. ஏழு கிளை விளக்கு வடிவிலான யூத நினைவுச் சின்னம் அந்த இடத்தில் 1991இல்தான் வந்தது. பிரான்ஸில், 1942 ஜூலையில் பாரிஸ் காவல்துறையே வீடு வீடாகப் போய் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்துக்கொடுத்திருந்தும், அதற்குப் பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஒரு குடியரசுத் தலைவர் ஏற்றுப் பேச 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போலந்தின் யெட்வாப்னே ஊரில் 1941 ஜூலை 10 அன்று யூதர்களைக் கொட்டகையில் அடைத்து எரித்தவர்கள் அவர்களுடைய அண்டைவீட்டுக்காரர்கள். ஜெர்மானியரே கொன்றார்கள் என்று பொறித்த கல் அங்கே பல பத்தாண்டுகள் நின்றது. பழியை முழுவதும் ஜெர்மனியின் கணக்கில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வசதி பல நாடுகளுக்கு இருந்தது. புடாபெஸ்டில் 2014இல் நிறுவப்பட்ட ஒரு சிலை ஹங்கேரியை, ஜெர்மானியக் கழுகால் தாக்கப்படும் தேவதையாகக் காட்டுகிறது. 1944இல் எட்டே வாரங்களில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களைச் சேகரித்து ரயிலேற்றியதில் ஹங்கேரியக் காவல்படைக்கு இருந்த பங்கு அந்தத் தேவதையின் சிறகுக்குப் பின்னால் போய்விடுகிறது. நகரவாசிகள் அந்தச் சிலைக்கு எதிரே தங்கள் குடும்பப் புகைப்படங்களையும் பழைய பெட்டிகளையும் காலணிகளையும் கொண்டுவந்து வைத்துப் பதில் சொன்னார்கள்.

இஸ்ரேலிலேயே தொடக்க ஆண்டுகளில் உயிர் தப்பியவர்கள் அதிகம் பேசவில்லை. கேட்கவும் பலர் தயாராக இல்லை. யூதர்களை முகாம்களுக்கு ரயிலேற்றுவதை ஒருங்கிணைத்த எஸ்.எஸ். அதிகாரி ஐக்மன் மீது 1961இல் எருசலேமில் நடந்த விசாரணைதான் நிலைமையை மாற்றியது. ஆவணங்களைக் கொண்டே ஐக்மனைத் தண்டித்திருக்க முடியும். இருந்தும் நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் அழைக்கப்பட்டு, வானொலி வழியாக நாடு முழுவதும் கேட்கும்படி பேச வைக்கப்பட்டார்கள். அந்தச் சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பங்கு ஆற்றியவர், அப்போது இஸ்ரேலின் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேமில் வாக்குமூலப் பிரிவை நடத்திவந்த அதே ரஹேல் ஆவர்பாக். கெட்டோவின் சனிக்கிழமைக் கூட்டத்தில் தொடங்கிய வேலையை அவர் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

இந்தப் படுகொலை நடக்கவேயில்லை என்னும் மறுப்பாளர்களை எதிர்கொள்ளச் சாட்சியைவிட ஆவணமே உதவும் என்பதை இன்னொரு வழக்கு காட்டியது. பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங், தம்மை இனப்படுகொலை மறுப்பாளர் என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் எழுதியதாக லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். ஆங்கிலேயச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் சுமை பிரதிவாதியின் தலையில் விழும். லிப்ஸ்டாட் தரப்பு உயிர் தப்பியவர்கள் எவரையும் கூண்டில் ஏற்றவில்லை. முதியவர்களை மறுப்பாளர் குறுக்கு விசாரணை செய்து இழிவுபடுத்த இடம்கொடுக்காமல், அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக, கட்டட வரைபடம் வரைபடமாக வாதாடினார்கள். 2000 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, இர்விங் ஆதாரங்களை வேண்டுமென்றே திரித்தார் என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஒட்டுமொத்தமாக மறுப்பவர்கள் இன்று சிறுபான்மையினர். அதிகம் பரவியிருப்பது அலட்சியம் கலந்த திரிபு. தமிழ்ப் பேச்சில் கண்டிப்பான மேலாளரையும் கெடுபிடியான தலைமையாசிரியரையும் 'ஹிட்லர்' என்று அழைக்கிறோம். அதில் பாதி எரிச்சல் என்றால் மீதிப் பாதி மெல்லிய வியப்பு. ஹிட்லரின் நூல் இந்திய நடைபாதைக் கடைகளில் தன்னம்பிக்கைப் புத்தகங்களோடு அடுக்கி வைக்கப்படுகிறது. வெள்ளைக்காரனை எதிர்த்தவன் என்ற ஒரே தகுதியில் ஒழுங்குக்கும் உறுதிக்கும் சின்னமாக அவர் இங்கே குறைந்த விலையில் கிடைக்கிறார். வெறுப்பால் வருவதில்லை இது. யூதர்களை வாழ்நாளில் பார்த்தே இராத ஓர் ஊரில், அந்தப் பெயரோடு சேர்ந்து வரவேண்டிய 60 லட்சம் பேர் அதிலிருந்து கழன்றுபோனதால் வருவது.

'இனப்படுகொலை' என்று நாம் இன்று எளிதாகப் புழங்கும் சொல்லுக்குப் பின்னாலும் இந்த வரலாறே இருக்கிறது. போலந்து யூதரான ரஃபேல் லெம்கின் என்ற சட்டவியலாளர், ஒரு மக்கள் கூட்டத்தையே அழிக்கும் குற்றத்துக்குச் சட்டத்தில் பெயரே இல்லை என்று கண்டு, கிரேக்க வேரையும் லத்தீன் வேரையும் இணைத்து 1944இல் ஒரு சொல்லை உருவாக்கினார். அவருடைய உறவினர் 49 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. ஆர்மீனியரும் டூட்சிகளும் போஸ்னியர்களும் ஈழத்தமிழரும் தங்களுக்கு நடந்ததைச் சொல்லி நீதி கேட்கும்போது கையில் எடுப்பது அவர் விட்டுச்சென்ற அந்தச் சொல்லைத்தான். யூதர்களை நினைப்பது மற்றவர்களை மறக்கச் செய்யும் என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு: நாஜிக்களால் கொல்லப்பட்ட, ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா, சின்ட்டி மக்களுக்கு நடந்ததை மேற்கு ஜெர்மனி இனப்படுகொலை என்று அங்கீகரிக்க 1982 வரை ஆயிற்று. ஆனால் அந்தத் தாமதம் கூடுதலாக நினைத்ததால் வரவில்லை. ரோமாக்களுக்கு எதிரான பழைய வெறுப்பு போருக்குப் பின்னும் அதிகாரிகளிடம் அப்படியே இருந்ததால் வந்தது.

இனி பெயர்களுக்கு வரலாம். யூத வழக்கில் இறந்தவரின் ஆண்டு நாளன்று விளக்கேற்றி 'கதிஷ்' என்ற வழிபாட்டைச் சொல்வார்கள். அதற்குத் தேதி தெரிந்திருக்க வேண்டும். ரயிலில் ஏற்றப்பட்டவர்களுக்கோ குழியில் விழுந்தவர்களுக்கோ தேதி ஏது? இறந்த நாள் தெரியாதவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை மதகுருமார் தெவேத் மாதத்தின் பத்தாம் நாளைப் பொது நாளாக அறிவித்தார்கள். திதி தெரியாத முன்னோருக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கும் நமக்கு அந்த ஏற்பாட்டின் வலி விளக்காமலே புரியும். ஐ.நா. 2005இல் அறிவித்த ஜனவரி 27, ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட நாள், உலகத்துக்கான நினைவு நாள். இஸ்ரேலின் சொந்த நினைவு நாளில் காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியதும் நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளும் நின்று, ஓட்டுநர்கள் இறங்கி இரண்டு நிமிடம் நிற்கிறார்கள்.

ஜெர்மன் கலைஞர் குந்தர் டெம்னிக் 1990களில் தொடங்கிய முயற்சியில், கொல்லப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் வாசலில் பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகடு பொருத்திய கல் பதிக்கப்படுகிறது: 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொல்லப்பட்ட இடம். 2023இல் அந்தக் கற்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. மியூனிக் நகரம் பொதுத் தெருக்களில் அதை அனுமதிப்பதில்லை. இறந்தவர் பெயரை மீண்டும் காலால் மிதிக்க விடுவதா என்று அந்நகர யூத சமூகத்தின் தலைவரும் படுகொலையிலிருந்து தப்பியவருமான சார்லட் க்னோப்ளோக் எதிர்த்தார். எப்படி நினைப்பது என்பதில் பாதிக்கப்பட்டவர்களே ஒரே கருத்தில் இல்லை. அந்தக் கருத்து வேறுபாட்டைக் கேட்கும்போதுதான், சடங்காக உறைந்துவிடாத நினைவு இன்னும் உயிரோடு இருப்பது தெரிகிறது.

'யாத் வஷேம்' என்ற பெயரே ஏசாயா ஆகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. நினைவிடமும் பெயரும் என்று அதற்குப் பொருள். 1950களிலிருந்து அந்நிறுவனம் 'சாட்சியப் பக்கம்' என்ற ஒற்றைத் தாள் படிவத்தை உலகெங்கும் அனுப்பிவருகிறது. அந்தத் தாள்களையும் பிற ஆவணங்களையும் கொண்டு ஏறத்தாழ 50 லட்சம் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. மேற்கு ஐரோப்பாவில் வேலை எளிதாக இருந்தது, ஏனென்றால் ரயிலேற்றியவர்களே பட்டியல் போட்டிருந்தார்கள். பிரான்ஸிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 76,000 பேரின் பெயர்களை செர்ஜ் க்ளார்ஸ்ஃபெல்ட் 1978இல் அத்தகைய பட்டியல்களிலிருந்தே தொகுத்து வெளியிட்டார். கிழக்கே பல இடங்களில் ரயிலும் இல்லை, பட்டியலும் இல்லை. ஊர் மொத்தமும் ஒரே காலையில் குழிக்கருகே நிறுத்தப்பட்ட இடங்களில், இன்னார் இருந்தார் என்று சொல்ல உறவினரோ அண்டைவீட்டாரோ எஞ்சவில்லை.

2024 தொடக்கத்தில் உலகெங்கும் வாழ்ந்துகொண்டிருந்த உயிர் தப்பியவர்கள் சுமார் 2,45,000 பேர். அவர்களின் இடைநிலை வயது 86. அன்று குழந்தைகளாக இருந்த அவர்களில் பலருக்குப் பெற்றோரின் முகமே நினைவில் இல்லை. படிவங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, இப்போது பேரப்பிள்ளைகளின் கையெழுத்தில். பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த ஊர், தொழில், இறந்த இடம் என்று கட்டங்கள் வரிசையாக வருகின்றன. தெரிந்ததை மட்டும் எழுதி, தெரியாத கட்டத்தை வெற்றாக விட்டு, கடைசி வரியில் இறந்தவருக்குத் தாம் என்ன உறவு என்பதைக் குறித்து அவர்கள் கையொப்பமிடுகிறார்கள்.